பழைய பைக்கை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவருவது: வேலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நைனா (அப்பா) 1986-ல் வாங்கிய புல்லட் 350, குடியாத்தம் பக்கத்தில் எங்கள் கிராமத்து மாட்டுக் கொட்டகையில் பதின்மூன்று வருஷம் நின்றது. 2022-ல் அதை வெளியே இழுத்தேன். இன்று காட்பாடியிலிருந்து தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். அதைப் பார்த்துவிட்டு ஆற்காடு, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று சொந்தபந்தம் இருக்கிற ஊரிலிருந்தெல்லாம் கேள்வி வருகிறது. ஒருவர் வீட்டில் ஆர்.எக்ஸ். 100, ஒருவர் வீட்டில் யெஸ்டி, ஒருவர் வீட்டில் தாத்தாவின் ராஜ்தூத். நான் மெக்கானிக் இல்லை. ஒரு பாயின் பட்டறையில் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக் கற்றுக்கொண்டவன். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்குத் தெரிந்த வரை பதில் எழுதியிருக்கிறேன்.

வண்டி வருஷக்கணக்கில் நிற்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஆர்.சி. புக்கிலிருந்து. எல்லோரும் இன்ஜினிலிருந்து ஆரம்பிக்கிறோம், அதுதான் தப்பு. நானும் அப்படித்தான் செய்தேன். இன்ஜினைப் பிரித்து, ரீபோர் போட்டு (சிலிண்டரைக் கடைந்து கொஞ்சம் அகலமாக்குவது), புது பிஸ்டன் மாட்டி, இருபதாயிரத்துக்கு மேல் செலவான பிறகு ஆர்.சி.யை எடுத்துப் பார்க்கிறேன், நைனா 1986-ல் வாங்கிய வங்கிக் கடன் அதில் அப்படியே பதிவில் இருக்கிறது. கடனை அவர் மூன்றே வருஷத்தில் கட்டி முடித்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பதிவை நீக்கும் படிவம் 35-ஐ யாரும் கொடுக்கவில்லை. அந்த வங்கிக் கிளை இதற்குள் இன்னொரு கிளையோடு சேர்ந்துவிட்டது, பழைய கணக்கு ஏடு கிடைக்கவில்லை. 'கடன் பாக்கி இல்லை' என்று ஒரு கடிதம் வாங்க நான்கு மாதம் அலைந்தேன். ஓடுகிற இன்ஜின் இருந்தும் வண்டி வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

அதனால் வரிசை இதுதான்: முதலில் காகிதம், அப்புறம் பிரேக்கும் டயரும், அதற்குப் பிறகு இன்ஜின், கடைசியில் பெயின்ட். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவர்களின் வண்டிகள்தான் பாதி வேலையோடு பட்டறை மூலைகளில் நிற்கின்றன.

பதினைந்து வருஷம் தாண்டின வண்டியை ஓட்டவே கூடாது என்கிறார்களே?

டெல்லியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் பற்றிய செய்தி அது. பழைய வண்டிகளுக்கான தடை அங்கே நீதிமன்ற உத்தரவால் வந்தது. தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டிக்கு அப்படித் தடை இல்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். வண்டி தகுதியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 'விண்டேஜ்' என்று 2021-ல் ஒரு தனிப் பதிவு முறை வந்தது. அந்தப் பதிவில் இருக்கிற வண்டியைத் தினசரி ரோட்டில் ஓட்ட முடியாது, கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான். வேலைக்குப் போக வேண்டும் என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எஃப்.சி. முடிந்து பத்து வருஷம் ஆகிறது. எப்படிப் புதுப்பிப்பது?

நம் ஊரில் எஃப்.சி. என்று சொன்னாலும், சொந்த வண்டிக்கு அது பதிவுப் புதுப்பிப்பு. படிவம் 25. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, நேரம் வாங்கி, வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்ட வேண்டும். இருசக்கர வண்டிக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 1000 ரூபாய் ஆனது. 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 2000 ரூபாயாக உயர்த்தினார்கள். இதோடு பசுமை வரியும், காலதாமதத்துக்கான தொகையும் சேரும். மொத்தம் எவ்வளவு என்பது விண்ணப்பிக்கும்போது திரையிலேயே வந்துவிடும்.

போவதற்கு முன் கையில் இரண்டு சான்று இருக்க வேண்டும். ஒன்று இன்சூரன்ஸ். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதும். 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி, 75-க்கு மேல் 150 சி.சி. வரை 714 ரூபாய், 150-க்கு மேல் 350 சி.சி. வரை 1366 ரூபாய், வரி தனி. புல்லட் 346 சி.சி. என்பதால் இரண்டாவது கணக்கில் வரும். இன்னொன்று புகைச் சான்று. 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை அனுமதி உண்டு. கார்புரேட்டர் ஒழுங்காக டியூன் ஆன எந்தப் பழைய வண்டியும் இதற்குள் வந்துவிடும். வரவில்லை என்றால் அது கார்புரேட்டர் வேலை இன்னும் முடியவில்லை என்பதற்கு அடையாளம். இந்த வண்டிகளுக்குச் சான்று ஆறு மாதம்தான், மறந்துவிடாதீர்கள்.

பதிவு முடிந்துபோன வண்டியை அலுவலகம் வரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றிப் போங்கள். அலுவலகத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். துரு, கிரீஸ், முன்பு அடித்த பெயின்ட் எல்லாம் சேர்ந்து நம்பரை மூடியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மேலே பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். நம்பர் மேல் சாண்ட் பேப்பர் மட்டும் போடாதீர்கள். ஒரு எழுத்து தேய்ந்தாலும் சந்தேகம் வரும்.

வண்டி இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

படிவம் 31. அதோடு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம். சட்டப்படி இறந்த முப்பது நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். நம் வீடுகளில் அந்த நேரத்தில் வண்டியைப் பற்றி யாருக்கு நினைப்பு வரும்? எங்கள் வீட்டிலும் வரவில்லை. தாமதமானாலும் மாற்ற முடியும், கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். அக்கா, தங்கை, அண்ணன், தம்பி எல்லோர் கையெழுத்தையும் ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். எல்லோரும் ஊருக்கு வருகிற பொங்கல், திருவிழா சமயம்தான் அதற்குச் சரி. பதிவும் முடிந்து, உரிமையாளரும் இல்லை என்றால் பெயர் மாற்றம் முதலா, புதுப்பிப்பு முதலா என்று அலுவலகத்திலேயே கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள்.

ஆர்.சி.யில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருக்கிறது. இப்போது எந்த அலுவலகம்?

வட ஆற்காடு 1989-ல் பிரிந்து திருவண்ணாமலை தனியாகப் போனது. மிச்சமிருந்த வேலூர், 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. உங்கள் இன்றைய முகவரி எந்த அலுவலக எல்லைக்குள் வருகிறதோ அங்கே போங்கள். வேலூர் டி.என். 23, ராணிப்பேட்டை டி.என். 73, வாணியம்பாடி டி.என். 83. வண்டியின் பழைய நம்பர் மாறாது. டி.என். வரிசை வருவதற்கு முந்தைய மூன்றெழுத்து நம்பராக இருந்தால் அப்படியே இருக்கும், எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் வரும். கையால் எழுதிய பழைய ஏட்டிலிருந்த வண்டிகள் பல இன்னும் கணினியில் ஏறியிருக்காது. பரிவாகனில் நம்பர் போட்டால் 'விவரம் இல்லை' என்று காட்டும். பயப்பட வேண்டாம். அசல் ஆர்.சி. புக்கோடு அலுவலகத்துக்குப் போய், பழைய பதிவை ஏற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அது ஏறிய பிறகுதான் மற்ற எந்த விண்ணப்பமும் நகரும்.

ஆர்.சி. இல்லாத ஆர்.எக்ஸ். 100 ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். உங்கள் சொந்த ஆர்.சி. தொலைந்தது வேறு விஷயம். அதற்குக் காவல்துறையில் தொலைந்த ஆவணச் சான்று வாங்கி, படிவம் 26 கொடுத்து நகல் பெறலாம். ஆனால் யார் பெயரில் இருக்கிறது என்றே தெரியாத வண்டிக்கு, எவ்வளவு செலவு செய்தாலும், அது உங்கள் வண்டி ஆகாது. ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பு 1996-ல் நின்றுபோனது, கிராக்கி ஏறிக்கொண்டே இருக்கிறது, திருட்டு வண்டியும் அதனால் அதிகம். விற்பவர் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எப்படிப்பட்ட மெக்கானிக்கிடம் கொடுப்பது?

உங்கள் வண்டியைப் போன்றே இன்னொரு வண்டி வாசலில் நிற்கிற பட்டறையில். பழைய புல்லட் பார்ப்பவருக்கு யெஸ்டி தெரிய வேண்டும் என்று இல்லை. வேலூர் கொசப்பேட்டை, சைதாப்பேட்டை, அந்தப் பக்கம் மேல்விஷாரம், ஆற்காடு என்று தலைமுறையாக இந்த வேலை செய்கிற குடும்பங்கள் உண்டு. அறுபது வயது தாண்டின பாய் ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள். காதை வைத்துக் கேட்டே டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கிற பாகம்) சத்தமா, பிஸ்டன் சத்தமா என்று சொல்வார்.

முதல் நாளே மூன்று விஷயம் பேசிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய சாமான் எல்லாம் எனக்குத் திரும்ப வேண்டும். புது சாமானை நானே வாங்கித் தருகிறேன், அல்லது பில் வேண்டும். இன்ஜினைப் பிரிக்கும் நாளில் நான் கூட இருப்பேன். நல்ல மெக்கானிக் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். எங்கள் பாய் "வா தம்பி, பக்கத்துல உக்காந்து பாரு, நாளைக்கு வழியில நின்னா நீதான பாக்கணும்" என்றுதான் சொன்னார்.

பிரிப்பதற்கு முன்னால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஒயர், ஒவ்வொரு வாஷர். இதைவிடப் பயனுள்ள கருவி எதுவும் இல்லை.

கிக்கர் இறங்கவே மாட்டேன் என்கிறது. இன்ஜின் ஜாமா?

பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் துருவால் ஒட்டியிருக்கும். கிக்கர் மேல் ஏறி நிற்காதீர்கள், நான்கு பேர் சேர்ந்து தள்ளி கியரில் போட்டு உலுக்காதீர்கள். கிக்கர் ஷாப்ட்டின் பல் போகும், ரிங் உடையும், உடைந்த ரிங் சிலிண்டரில் கோடு போடும்.

ப்ளக்கைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு சின்ன டம்ளர் அளவு உள்ளே ஊற்றி, துணி அடைத்து விடுங்கள். தினம் கொஞ்சம் சேருங்கள். நான்கைந்து நாள் கழித்து வண்டியை டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். ஒரு அங்குலம் அசைந்தால் போதும், மீதி தானாக வரும். என் வண்டிக்கு ஒன்பது நாள் ஆனது. அசைந்த பிறகும் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஊற்றியதெல்லாம் கீழே கிராங்க் கேஸில் (இன்ஜினின் அடிப்பெட்டி) இறங்கியிருக்கும். வடித்துவிட்டு, புது ஆயில் ஊற்றி, ப்ளக் இல்லாமல் முப்பது நாற்பது தடவை கிக் செய்யுங்கள். புல்லட்டில் ஹெட்டுக்குப் போகிற ஆயில் பைப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தால் ஆயில் கசிய வேண்டும். கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது. அதைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்தால், வறண்ட மெட்டலின் மேல் கிராங்க் சுற்றும்.

சைலன்சருக்குள்ளும் ஒரு கம்பி விட்டுப் பாருங்கள். என்னுடையதில் குளவி கட்டிய மண்கூடு கை நீளத்துக்கு இருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி பஞ்சு சேர்த்து வைத்திருந்தது.

ரீபோர் கட்டாயம் வேண்டுமா?

அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். சிலிண்டரை லேத்தில் கொடுத்து, மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் போர் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். வட்டம் கெடாமல், கோடு விழாமல் இருந்தால் புது ரிங் போதும். ஆழமான துருப்பள்ளம் இருந்தால் ரீபோர்தான். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று வரும். பாதிக் கிணறு தாண்டுகிற வேலை இங்கேதான் நடக்கிறது: சிலிண்டரை முதலில் கடைந்துவிட்டு, அப்புறம் பிஸ்டன் தேடுவது. பிஸ்டனைக் கையில் வாங்கிக்கொண்டு போய் லேத்காரரிடம் கொடுங்கள். அந்தப் பிஸ்டனுக்கு எவ்வளவு இடைவெளி வேண்டுமோ அதற்குத்தான் கடைய வேண்டும். ஒரே 0.50 என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி நூலிழை வித்தியாசம் இருக்கும்.

டூ-ஸ்ட்ரோக் வண்டி. ஸ்டார்ட் ஆனதும் ஊரே மறைகிற அளவுக்கு வெள்ளைப் புகை. ஏன்?

சைலன்சரில் தேங்கின பழைய ஆயிலாக இருந்தால் பத்து இருபது கிலோமீட்டரில் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால், கிராங்க் ஆயில் சீல். வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் அந்த ரப்பர் காய்ந்து இறுகிவிடும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும், அதுதான் புகை. கியர் ஆயில் குறைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். மேக்னட் (கரன்ட் தயாரிக்கும் பாகம்) பக்கத்துச் சீல் போனால் புகை வராது, ஆனால் அதைவிட ஆபத்து. காற்றை உறிஞ்சி, கலவை மெலிந்து, சூடேறி, பிஸ்டன் சிலிண்டரில் இறுகி சீஸ் ஆகும். விலை குறைந்த சாமான்தான், உழைப்புதான் அதிகம். யெஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். எதுவானாலும் பத்து வருஷம் நின்றிருந்தால் இரண்டு சீலையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள்.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் வண்டியானால் கையேட்டில் சொன்ன அளவுதான். லிட்டருக்கு 40 மில்லி என்றால் 25-க்கு 1. 'கொஞ்சம் கூடப் போட்டால் நல்லது' என்று ஊற்றினால் ப்ளக் கறுக்கும், சைலன்சர் அடைக்கும்.

டேங்க் உள்ளே முழுக்கத் துரு. புது டேங்க் வாங்கிவிடலாமா?

முதலில் காப்பாற்றப் பாருங்கள். அந்தக் காலத்துத் தகரத்தின் கனம் இப்போது கிடைக்கும் டூப்ளிகேட் டேங்கில் இல்லை. பழைய செயின் துண்டு ஒன்றையும் ஒரு லிட்டர் டீசலையும் உள்ளே போட்டு, வாயை அடைத்து, பொறுமையாகக் குலுக்குங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து குலுக்கினார்கள், இரண்டு மாலையில் முடிந்தது. வடித்து, துரு நீக்கும் திரவம் போட்டு ஊறவைத்து, சலவை சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வேலூர் வெயிலில் ஒரு நாள் காயவையுங்கள். நம் கத்திரி வெயில் இந்த ஒரு வேலைக்கு நல்ல துணை. காய்ந்ததும் உடனே ஆயில் கலந்த பெட்ரோல் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றி விடவில்லை என்றால் மறுநாளே துரு பூக்கும்.

ஓட்டைக்கு வெல்டிங் வைப்பதாக இருந்தால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். காலி டேங்கில் நெருப்பு வைக்க விடாதீர்கள். பல மாதம் காலியாகக் கிடந்தாலும் தகரத்தில் ஊறிய பெட்ரோல் ஆவி வெடிக்கும். பல தடவை சோப்புத் தண்ணீரில் கழுவி, பற்றவைக்கும் இடம் வரைக்கும் தண்ணீர் நிரப்பித்தான் பற்றவைக்க வேண்டும். இது தெரிந்த ஆளிடம் மட்டும் கொடுங்கள்.

இப்போது வருகிற எத்தனால் பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?

இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது. இன்று பங்கில் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். வண்டி ஓடும். ஆனால் எத்தனால் பழைய ரப்பரை உப்பவோ இறுகவோ வைக்கும், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். பெட்ரோல் டியூப், டேங்க் காக்கின் வாஷர், கார்புரேட்டரின் ஊசி, கேஸ்கட் எல்லாவற்றையும் புதியதாக மாற்றிவிடுங்கள். மொத்தமே சில நூறு ரூபாய் வேலை. பெட்ரோலை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் டேங்கில் தூங்கவிடாதீர்கள்.

கார்புரேட்டர் ஜெட்டைப் பிரேக் ஒயர் இழையால் குத்திச் சுத்தம் செய்வதைப் பார்த்தால் தடுங்கள். பித்தளைத் துளை அகலமாகிவிடும், அப்புறம் எந்த டியூனிங்கும் நிற்காது. திரவத்தில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.

புல்லட்டை எவ்வளவு உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லை. சில சமயம் திருப்பி அடிக்கிறது. என்ன செய்வது?

ஸ்பார்க் வருகிறதா என்று முதலில் பாருங்கள். நின்ற வண்டியில் பாயின்ட் (ஸ்பார்க் வரும் நேரத்தை வைக்கிற சின்ன ஸ்விட்ச்) மேல் வெண்மையாகப் படிந்திருக்கும். மெல்லிய பேப்பரால் தேய்த்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். கண்டென்சர், ப்ளக் இரண்டும் புதிது போடுங்கள். எலி கடித்த ஒயரிங்கை ஒட்டுப் போடாமல் முழு செட்டாக மாற்றுங்கள். பேட்டரி வாங்கும்போது வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். டேப்பட்டைக் குளிர்ந்த இன்ஜினில் வைக்க வேண்டும்: புஷ் ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

உதைப்பதில் ஒரு முறை இருக்கிறது. சாவி போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஆம்பியர் மீட்டர் முள் இடது பக்கம் சாயும், இன்னும் அழுத்தினால் நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்த இடத்தில் டீகம்ப்ரஷன் லிவரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுவது) பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு உதை. உடல் எடை இறங்கினால் போதும், வேகம் வேண்டாம். இந்த வழியில் திருப்பி அடிப்பது அபூர்வம். திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கிய நாட்கள் எனக்கும் உண்டு, அதெல்லாம் முள்ளைப் பார்க்காமல் உதைத்த நாட்கள்.

டயர் கட்டை புதுசு மாதிரியே இருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றத்தான் வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பத்து வருஷ ரப்பர் கல்லாக இறுகியிருக்கும். முதல் தூறலில் வழுக்கும். டியூபும் ரிம் டேப்பும் சேர்த்து மாற்றுங்கள். ஸ்போக் ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள், செத்த சத்தம் வந்தால் தளர்ந்திருக்கிறது. ரிம் பெண்டு எடுத்த பிறகு டயர் மாட்டுங்கள்.

பிரேக்கைப் பற்றி நான் கண்டிப்பாகவே பேசுவேன். நின்ற வண்டியில் ஷூவின் லைனிங் பசை விட்டு உரிந்து தனியாக வரும். வெளியே பார்த்தால் தெரியாது, ஓடும்போது சக்கரத்துக்குள் சிக்கிச் சக்கரத்தைப் பிடித்துவிடும். இரண்டு பக்க ஷூவும், ஸ்பிரிங்கும், கேபிளும் புதிது போடுங்கள். டிரம் உள்ளே துருப்பிடித்திருந்தால் லேத்தில் லேசாகக் கடைந்து கொள்ளுங்கள். பழைய ஷூவின் தூசியை வாயால் ஊதாதீர்கள், அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத் துணியால் துடையுங்கள்.

நைனா காலத்துப் புல்லட்டில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. வேறு வண்டி ஓட்டிப் பழகிய கால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஒரு வாரம் பழகாமல் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலுக்குள் நுழையாதீர்கள்.

உதிரி பாகம் எங்கே கிடைக்கும்?

ஆயில், கேபிள், ப்ளக், டயர் எல்லாம் வேலூரிலேயே. வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டுக்கு இன்னும் எல்லாம் கிடைக்கிறது. யெஸ்டி, ராஜ்தூத்துக்குத்தான் தேட வேண்டும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை, அந்தப் பக்கம் பெங்களூரில் ஜே.சி. ரோடு. சென்னை நமக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர், பெங்களூர் 210. காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டுக்கும் ஒரே நாளில் போய் வந்துவிடலாம். பழைய சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் சொல்லி வாங்கி வந்து பொருந்தாமல் திரும்பப் போன நாட்கள் எனக்கு மூன்று.

பெயின்ட், குரோம் எல்லாம் எப்போது?

வண்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு. அதற்குள் எங்கே கசிகிறது, எங்கே வெல்டிங் வேண்டும் என்று எல்லாம் தெரிந்துவிடும். ஆர்.சி.யில் உள்ள நிறமே அடியுங்கள், மாற்றினால் பதிவிலும் மாற்ற வேண்டும். சத்தமான சைலன்சர் வேண்டாம். என் வண்டி இன்னும் நைனா ஓட்டிய கறுப்பில்தான் இருக்கிறது, டேங்கில் அவர் சாவிக்கொத்து உரசிய தடத்தைப் பெயின்டரிடம் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

எனக்கு நாற்பதாயிரத்தைத் தாண்டியது, பெயின்ட் சேர்க்காமல். இன்ஜினும் லேத்தும் பாதி, டயர் பிரேக் கால் பங்கு, மீதி ஒயரிங், காகிதச் செலவு. விற்று லாபம் பார்க்கிற கணக்கு இதில் இல்லை, அந்த எண்ணம் இருந்தால் வண்டியை இருக்கிறபடியே விற்றுவிடுவது நல்லது. பணத்தை ஒரே தடவை கொடுக்காமல், ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு கொடுங்கள். கையில் பணம் தீர்ந்தால், வண்டியைப் பிரித்த நிலையில் பட்டறையில் விடாதீர்கள், பெட்டியில் பேர் எழுதிக் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

2021 பாலாற்று வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். அந்த நவம்பரில் தண்ணீர் வராது என்று நம்பியிருந்த ஆறு கரை முட்ட ஓடியது, கரையோரத்தில் நின்ற பல வண்டிகள் சேற்றில் போயின. அப்படி மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து மட்டும் பார்க்காதீர்கள். ஆயில் பால் கலந்த டீ மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. வடித்து, மலிவான ஆயில் ஊற்றிச் சுழற்றி, மறுபடி வடித்து, இப்படி இரண்டு மூன்று தடவை. இத்தனை வருஷம் அப்படியே விட்டிருந்தால் பேரிங், கிராங்க் எல்லாம் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். சக்கர பேரிங்கையும் ஹேண்டில் கோன் செட்டையும் (ஹேண்டில் திரும்புகிற பேரிங்) மறந்துவிடாதீர்கள், மணல் அங்கேதான் தங்கும்.

வேலை முடிந்தது. எடுத்ததும் ஏலகிரிக்குப் போகலாமா?

கொஞ்சம் பொறுங்கள். ரீபோர் போட்ட இன்ஜினுக்கு முதல் 500 கிலோமீட்டர் ரன்னிங்-இன், அதாவது மெதுவாக ஓட்டிப் பழக்குவது. ஐம்பதுக்கு மேல் போகாமல், ஒரே வேகத்திலும் போகாமல், பின்னால் ஆள் ஏற்றாமல், இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டு ஓட்டுங்கள். 500 முடிந்ததும் ஆயில் மாற்றுங்கள், வடிகிற ஆயிலில் இரும்புத்தூள் மினுங்கும். சித்திரை, வைகாசியில் என்றால் விடியற்காலை மட்டும் ஓட்டுங்கள். நாற்பது டிகிரி வெயிலில் புது பிஸ்டன் தாங்காது. பெங்களூர் ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே ஐம்பதில் போவது ஆபத்து, அதையும் தவிருங்கள்.

நான் முதலில் போனது காட்பாடியிலிருந்து வள்ளிமலைக்கு. போக இருபத்தைந்து கிலோமீட்டர் அளவு, ரோட்டில் கூட்டம் இல்லை, வழியில் நின்றாலும் டீக்கடையும் பஞ்சர் கடையும் உண்டு. டூல் பையில் ப்ளக், கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பாயின்ட் செட், ஒரு அடி பெட்ரோல் டியூப் வைத்துக்கொண்டேன். போகும்போது ஒருமுறை பாயின்ட் ஸ்க்ரூ தளர்ந்து நின்றது, சரிசெய்து போய்ச் சேர்ந்தேன்.

ஏலகிரியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவு. ஏறுவது பெரிதில்லை, இறங்குவதுதான். டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது, இரண்டாவது கியரிலேயே இறங்க வேண்டும். பெட்ரோலில் ஆயில் கலக்கிற டூ-ஸ்ட்ரோக் என்றால், ஆக்சிலேட்டரை முழுக்க மூடி இன்ஜின் பிடிப்பில் நெடுநேரம் இறங்கினால் பிஸ்டனுக்கு ஆயில் போகாது. நடுநடுவே கிளட்சைப் பிடித்து லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக்கொண்டே இறங்குங்கள். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, பிரேக்கை ஒருமுறை திறந்து பார்த்த பிறகு போய் வாருங்கள்.